எம்.எல்.ஏ. இல்லாத ஊரும் ஒரு டயர் கடைக்காரரும்

"அப்பா, உங்க ஊரு எம்.எல்.ஏ. யாரு?"

பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக மகள் கேட்டாள். பெற்றோர் பிறந்த ஊருக்கு யார் பிரதிநிதி என்று எழுத வேண்டுமாம்.

"யாரும் இல்லம்மா."

"ஏன், செத்துப் போயிட்டாரா?"

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற விஷயம் இல்லை.

என் ஊர் சிப்பிகாட். போர்ட் பிளேரிலிருந்து (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது) சுமார் 14 கிலோமீட்டர். கிராம்பும் ஜாதிக்காயும் வளரும் அரசுப் பண்ணை இருக்கிற ஊர். 2004 சுனாமியில் நிலம் தாழ்ந்து, எங்கள் பக்கத்து வயல்களில் புகுந்த உப்புத் தண்ணீர் அப்படியே தங்கிவிட்டது. அதைப் பற்றிச் சட்டசபையில் எழுந்து கேட்க எங்களுக்கு ஒரு ஆள் இல்லை. காரணம், அந்தமானுக்குச் சட்டசபையே கிடையாது. டெல்லி அனுப்பும் துணைநிலை ஆளுநர், ஒரே ஒரு எம்.பி., அதற்குக் கீழே பஞ்சாயத்து. அந்த எம்.பி.யைக்கூட 1967 வரை குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்த முதல் ஆள் கே.ஆர். கணேஷ்.

2011 கணக்குப்படி எங்கள் தீவுகளில் 3.8 லட்சம் பேர். 6.1 லட்சம் பேர் உள்ள சிக்கிமுக்கு 32 எம்.எல்.ஏ.க்கள். எங்களுக்குப் பூஜ்யம்.

சரி, மகளுக்கு என்ன சொல்வது? அப்போதுதான் மேட்டூர் பத்மராஜன் ஞாபகத்துக்கு வந்தார். டயர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். 1988-ல் மேட்டூர் சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நிற்கக் கிளம்பினார். ஊரே சிரித்தது. சாதாரண ஆளும் தேர்தலில் நிற்கலாம் என்று காட்டத்தான் இறங்கினேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு நிறுத்தவே இல்லை. 1991-ல் நந்தியால் இடைத்தேர்தலில் பிரதமர் நரசிம்ம ராவை எதிர்த்துத் தெலுங்கு தேசம்கூட ஆள் நிறுத்தவில்லை. நம்ம ஆள் அங்கேயும் போய் நின்றார்! 2024-க்குள் 230 தேர்தலுக்கும் மேல். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. அதிகபட்சம் 2011-ல் சொந்த ஊர் மேட்டூரில் வாங்கிய 6,273 ஓட்டு.

விளம்பரப் பைத்தியம் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் முதலில் நின்றபோது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். பஞ்சர் ஒட்டுகிறவர் கையிலும் புரளக்கூடிய காசு. 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனு போட்டார்கள். ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் சட்டம் திருத்தப்பட்டு டெபாசிட் 5,000 ஆனது. சுயேச்சை என்றால் முன்மொழிய 10 பேர் வேண்டும் என்றும் வந்தது. 2010 முதல் டெபாசிட் 10,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் போச்சு.

விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 10,000 ரூபாய் ஒரு கட்சிக்காரருக்கு ஒரு நாள் டீச்செலவு. கடைக்காரருக்கு அது ஒரு மாத வருமானமாகக்கூட இருக்கலாம். தடுப்பு யாரைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

எங்கள் ஊரிலும் பஞ்சர் கடை வைத்திருந்த மாமா ஒருவர் இருந்தார். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே ரோடு, குடிதண்ணீர், கப்பல் டிக்கெட் என்று அரசியல் பேசுவார். கேட்க ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். "மாமா, நீங்களே எலெக்‌ஷன்ல நிக்கலாமே" என்பேன். "எந்த நாற்காலிக்குடா நிக்கிறது?" என்பார்.

பத்மராஜன் 200 தடவைக்கு மேல் தோற்றார். மாமாவுக்கு ஒரு சட்டமன்றத் தேர்தலில் தோற்கும் உரிமைகூட இருக்கவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பெயர் எழுதும் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, ஏன் காலி என்று பக்கத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு போனாள்.