ஐந்து கம்பி கீத்

ரோலிங் ஸ்டோன்ஸ் இங்கே மும்பை பிரபோர்ன் ஸ்டேடியத்தில் வாசித்தது 2003 ஏப்ரல் 7 அன்று. கூட்டம் மிக் ஜாகரைப் பார்க்கத்தான் போயிருக்கும். தேவ்நாரில் ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்கிற எனக்கு என்னவோ, ரிதம் கிடார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸ்தான் ஹீரோ.

1968-69 வாக்கில் மனுஷர் கிடாரின் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டார். பாக்கி ஐந்தையும், நம்ம பாஷையில் சொன்னால், ச-ப-ச-க-ப என்று சுருதி சேர்த்தார். பாஞ்சோக்காரர்களின் பழைய வழி இது. ரை கூடரிடமிருந்து பிடித்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். விரலே வைக்காமல் மீட்டினாலும் முழு கார்டு வந்துவிடும்! கிங் சர்க்கிள் ஷண்முகானந்தாவில் தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமா என்ன? அந்த ரீங்காரம் அடியில் ஓட, இரண்டு விரலால் 'க'வை 'ம'வுக்கும் 'ப'வை 'த'வுக்கும் தூக்கி, உடனே விட்டுவிடுவார். 1971-ல் வந்த 'பிரவுன் ஷுகர்', 1981-ல் வந்த 'ஸ்டார்ட் மீ அப்' இரண்டிலும் இந்தத் தூக்கலை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை.

இன்னொன்று. மற்ற குழுக்களில் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு கிடார் போகும். இங்கே சார்லி வாட்ஸ் கீத்தைக் கேட்டு அடிப்பார், ஒரு மயிரிழை தள்ளி. தனி ஆவர்த்தனத்தில் விரல் விட்டுத் தாளம் எண்ணும் நம்மாட்களுக்கு அந்த இடைவெளி கட்டாயம் பிடிபடும். சார்லி 2021-ல் காலமாகிவிட்டார். 2023-ல் வந்த 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தில் அவர் முன்பே வாசித்து வைத்த இரண்டு பாட்டு இருக்கின்றன. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.