கோடை முகாமுக்கு ஒரு கருப்பொருள்: பிரவுன்சீ தீவு முதல் ரெட்டியபட்டிக் கண்மாய் வரை

போன மே மாதம் நம் குடியிருப்பில் நடந்த கோடை முகாமில் ஓவியம், யோகா, செஸ், நடனம் என எல்லாமே இருந்தன. ஆனாலும் நான்காம் நாளே பாதிப் பிள்ளைகள் வரவில்லை. முகாம்களின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் புரிகிறது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து பேடன் பவல் நடத்திய முகாமில்தான் சாரணர் இயக்கம் பிறந்தது. வசதியான வீட்டுப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களும் ஒன்றாகத் தங்கினார்கள். ஒரு நாள் உற்றுநோக்கல், ஒரு நாள் காட்டறிவு, ஒரு நாள் உயிர் காத்தல் என்று நாளுக்கு ஒரு கருப்பொருள். அன்றைய பயிற்சியும் விளையாட்டும் அதை ஒட்டியே அமைந்தன.

இந்தியாவில் தொடக்கத்தில் நம் பிள்ளைகளுக்குச் சாரணர் படையில் இடமில்லை. அதனால் 1910-களின் பிற்பாதியில் அன்னி பெசன்ட், அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியருக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். முறை வெளிநாட்டுடையது, தலைப்பாகையும் பாட்டும் நம்முடையவை.

1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலும் நாடு முழுவதற்கும் ஒரே கருப்பொருள்தான். 2004-05இல் அது நீர்வளம். பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய வேண்டும்.

நம்மில் சில குடும்பங்களுக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பூர்வீகம். எனக்கு எம்.ரெட்டியபட்டி. வானம் பார்த்த அந்தப் பூமியில் கண்மாய்தான் உயிர். என் பேத்தியிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "மோட்டார் போட்டா வரும் தாத்தா" என்கிறாள்.

அடுத்த முகாமுக்குக் கண்மாயையே கருப்பொருளாக வைத்தால் என்ன? மே மாதத்தில் கண்மாய் வற்றிக் கிடக்கும். பிள்ளைகள் உள்ளே இறங்கியே பார்க்கலாம். முதல் நாள் வரத்துக்கால்: மழைத்தண்ணீர் வரும் வழியைத் தேடி நடப்பது. அடுத்த நாள் மடையும் கலுங்கும்: களிமண்ணில் செய்து, தண்ணீர் ஊற்றி, மறுகால் பாய்வதைப் பார்ப்பது. மூன்றாம் நாள் குடிமராமத்து: வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையைக் கட்டிய கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது. ஓவியமும் நாடகமும் அதிலிருந்தே வந்துவிடும்.

மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், சங்கச் செயலாளரிடம் இப்போதே பெயர் கொடுங்கள்.