வெயில் எட்டாத பிள்ளைகள்: கொலம்பஸ் ஹில், 1917

இன்னிக்கு எபிசோட் ஒரு நோயோட கதை. மருந்து தெரிஞ்ச பிறகும் அந்தக் குறைபாடு ஏன் ஏழைப் பிள்ளைங்களை விட்டுப் போகலைங்கிற கதை.

1917. நியூயார்க்ல, மன்ஹாட்டனோட மேற்குப் பக்கம், கொலம்பஸ் ஹில்னு ஒரு பகுதி. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல இருந்தும் மேற்கிந்தியத் தீவுகள்ல இருந்தும் பிழைக்க வந்த கறுப்பின மக்கள் நெருக்கியடிச்சு வாழ்ந்த இடம். அங்கே குழந்தைங்களுக்கு ரிக்கெட்ஸ் சர்வசாதாரணம். எலும்பு மென்மையாகி, கால் வில் மாதிரி வளைஞ்சிடும். ஆல்ஃபிரட் ஹெஸ், லெஸ்டர் உங்கர்னு ரெண்டு டாக்டர்கள் அந்தக் குழந்தைங்களுக்கு காட் மீனோட ஈரல் எண்ணெய் கொடுத்துப் பார்த்தாங்க. ஒழுங்கா குடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க தப்பிச்சாங்க. குடிக்காதவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் நோய் வந்தது.

1919-ல பெர்லின்ல குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி வேற வழியில போனார். புற ஊதா விளக்கு. ஒரு குழந்தையோட ஒரு கையில மட்டும் ஒளி பட வெச்சார். ரெண்டு கை எலும்பும் குணமாச்சு. 1921-ல ஹெஸ்ஸும் உங்கரும் நோயுள்ள குழந்தைங்களை வெயில்ல வெச்சே தேற்றிக் காட்டினாங்க.

எங்க வேலையில ரெண்டு வேற இன்புட்டுக்கு ஒரே அவுட்புட் வந்தா, நடுவுல பொதுவா ஏதோ இருக்குன்னு தேடுவோம். இங்கேயும் அப்படித்தான். மீன் எண்ணெய்ல இருந்த பொருளுக்கு எல்மர் மெக்காலம் 1922-ல வைட்டமின் டி-ன்னு பேர் வெச்சார். அதையே நம்ம தோல் வெயில்ல தயாரிக்குது. கறுத்த தோலுக்கு அதே அளவு தயாரிக்கக் கூடுதல் வெயில் வேணும். கொலம்பஸ் ஹில்ல கிடைச்சதோ நெருக்கமான கட்டடமும் நீண்ட குளிர்காலமும்தான்.

1930-கள்ல அமெரிக்காவுல பால்லயே வைட்டமின் டி சேர்க்க ஆரம்பிச்சாங்க. வளைஞ்ச கால்கள் அரிதாச்சு. ஆனா கதை முடியலை.

2000-ல பாஸ்டன்ல ஒரு ஆய்வு. உடல் பருமன் உள்ள பெரியவங்க, ஒல்லியானவங்க, ரெண்டு தரப்புக்கும் ஒரே அளவு புற ஊதா ஒளி. பருமன் உள்ளவங்க ரத்தத்துல வைட்டமின் டி ஏறினது 57 சதவீதம் குறைவு. தோல்ல மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. இது கொழுப்புல கரையுற வைட்டமின். உடம்புக் கொழுப்புக்குள்ள போய்த் தங்கிடுது, ரத்தத்துக்கு வர்றது குறையுது. பருமன் உள்ளவங்களுக்கு, குழந்தைங்க உட்பட, ரெண்டு மூணு மடங்கு அளவு வேணும்னு 2011-ல அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி சொன்னது.

இப்போ ஒரு ஏழைக் குடும்பத்துப் பிள்ளையை நினைச்சுப் பாருங்க. வயிறு நிறைக்கிற மலிவான சாப்பாடு. பயமில்லாம விளையாட வெளியில இடம் இல்லை. கறுத்த தோல். மூணும் ஒண்ணு சேருது. 1917-ல வளைஞ்ச காலே குறைபாட்டைக் காட்டிக் கொடுத்தது. இன்னிக்கு அதே பற்றாக்குறை கொழுகொழுன்னு இருக்கிற உடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. "நல்லாத்தானே சாப்பிடுறான்"னு நாம கடந்து போயிடுறோம்.