ஒளியின் அழுத்தத்தை அளந்தவர்

பாய்மரக் கப்பலைக் காற்று தள்ளிச் செல்வதை நாம் அறிவோம். வெளிச்சமும் ஒரு பொருளைத் தள்ளும் என்றால் எளிதில் நம்ப மாட்டோம். வெயிலில் உள்ளங்கையை நீட்டினால் சூடு தெரிகிறதே தவிரப் பாரம் தெரிவதில்லை. எனினும் அத்தள்ளுதல் உண்மையே. அது மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு நாம் அறியத் தக்கது.

வால்நட்சத்திரத்தின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்வதற்குச் சூரியக் கதிர்களே காரணம் என்று 1619ஆம் ஆண்டில் கெப்ளர் எழுதினார். ஒளிக்கு அழுத்தம் உண்டென 1873இல் மாக்ஸ்வெல் கணக்கால் காட்டினார். ஆயினும் கணக்கு வேறு, கண்கூடு வேறு அன்றோ?

அளப்பதில் பெரிய இடர் ஒன்றிருந்தது. ஒளி விழும் தகடு சூடேறும். அதனால் சுற்றிலும் எஞ்சியுள்ள காற்று தகட்டைத் தள்ளும். இத்தள்ளுதல் ஒளியின் தள்ளுதலை எளிதில் மறைத்துவிடும். தகடு அசைந்ததைக் கண்டதும் இது ஒளியின் வேலை என்று எண்ணுபவர் ஏமாந்து போவார்.

மாஸ்கோப் பல்கலைக் கழகத்தின் பியோத்தர் லெபதேவ் இந்த இடரை வென்றார். கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை இயன்ற மட்டும் வெளியேற்றினார். மிக மெல்லிய உலோகத் தகடுகளை நுண்ணிய இழையில் தொங்கவிட்டு, இரு புறமும் மாறி மாறி ஒளி பாய்ச்சி அளந்தார். 1900இல் பாரிஸ் மாநாட்டில் தம் முடிவை அறிவித்தார். மாக்ஸ்வெல்லின் கணக்கு மெய்யாயிற்று. அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் இருவரும் தனியே நடத்திய சோதனையும் அதனை உறுதி செய்தது.

1911இல் ஜார் அரசு பல்கலைக் கழகத்தின் உரிமையில் கை வைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பதவி துறந்தனர். லெபதேவும் துறந்தார், பதவியோடு ஆய்வுக் கூடத்தையும் இழந்தார். மறு ஆண்டே, 46ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் அளந்த விசையைக் கொண்டு 2010ஆம் ஆண்டில் ஜப்பானின் இக்காரோஸ் கலம் விண்வெளியில் பயணம் செய்தது. அதன் சதுரப் பாயின் பக்கம் 14 மீட்டர். கனமோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 300 கிலோவுக்கு மேற்பட்ட அக்கலத்தின் மீது சூரிய ஒளி செலுத்திய விசை, ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே. ஆனால் அங்கே தடுக்கக் காற்றில்லை. தள்ளும் ஒளியும் ஓய்வதில்லை. சிறு துளி பெருவெள்ளமாக வேகம் சேர்ந்துகொண்டே போகும். எரிபொருள் தீர்ந்துவிடும் என்ற கவலை பாய்க்கு இல்லை.

லெபதேவ் அந்தப் பயணத்தைக் காணவில்லை. உண்மைக்கும் உரிமைக்கும் ஒருங்கே நின்ற அவரை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.