வசூல் எதற்குச் சாட்சி?

போர்ப்படம் ஒன்று வெளியாகிக் கோடிக்கணக்கில் பணம் குவித்துவிட்டால், அதன் சிறப்பைப் பற்றி இனிப் பேச்சே வேண்டியதில்லை என முடிவு கட்டுவோர் உளர். 'இத்தனை இலட்சம் பேர் காசு கொடுத்துப் பார்த்தார்களே, அவர்கள் எல்லோரும் அறிவிலிகளா?' என்பது அவர்கள் கேள்வி. மற்றொரு சாராரோ, கூட்டம் கூடிய இடத்தில் கலை இராது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவர். இவ்விரு கூற்றுகளுள் எது மெய் என்பதை ஒரு படத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். திரைப்படம் பார்ப்பது தகுமா, தகாதா என்னும் வாதம் வேறு. அதனை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

1911ஆம் ஆண்டு இத்தாலி லிபியாவின் மீது படையெடுத்தது. அந்நாட்டின் கிழக்குப் பகுதியாகிய பர்காவில் ஸனூஸி இயக்கத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், திருக்குர்ஆன் ஓதிக்கொடுத்த கையால் துப்பாக்கியை ஏந்தினார். அவர்தாம் உமர் முக்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் போரிட்டார். அவரை அடக்க முடியாத முஸோலினியின் அரசு, தளபதி கிராஸியானியின் கையில் பொறுப்பை ஒப்படைத்தது. போராளிகளுக்கு ஆதரவு கிட்டாதிருக்கும் பொருட்டுச் சுமார் ஒரு இலட்சம் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பல்லாயிரவர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். எகிப்து எல்லையில் 270 கிலோமீட்டர் நீளத்திற்கு முள்வேலி எழுந்தது. 1931 செப்டம்பர் 11இல் பிடிபட்ட உமர் முக்தார், ஐந்தே நாள்களில், 16ஆம் தேதி, ஸுலூக் என்னுமிடத்தில் மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்த முதியவர்.

இவ்வரலாற்றை 'பாலைவனச் சிங்கம்' என்னும் பெயரில் 1981இல் திரைக்குக் கொண்டுவந்தவர், அலெப்போ நகரில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த முஸ்தஃபா அக்காத். 'தி மெஸேஜ்' படத்தை எடுத்தவரும் இவரே. உமர் முக்தாராக ஆண்டனி குவின் நடித்தார். கிராஸியானியாக ஆலிவர் ரீட் நடித்தார். லிபிய அரசு பணம் கொடுத்தது. செலவு சுமார் 35 மில்லியன் டாலர். அமெரிக்காவில் வசூலானதோ ஏறத்தாழ ஒரு மில்லியன்!

இதே அக்காத், 1978இல் வெளிவந்த 'ஹாலோவீன்' என்னும் திகில் படத்திற்கும் முதல் போட்டவர். அதற்கான செலவு சுமார் மூன்று இலட்சம் டாலர். உலகெங்கும் ஈட்டியது சுமார் 70 மில்லியன். வசூலே தரத்தின் அளவுகோல் எனின், முகமூடி அணிந்து கத்தியுடன் திரியும் கொலைகாரனின் கதை, ஒரு நாட்டின் விடுதலைப் போர்க் கதையைவிடப் பன்மடங்கு உயர்ந்தது என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அக்கொள்கையை ஏற்போரும் இம்முடிவை ஏற்கத் தயங்குவர்.

அவ்வாறாயின் வசூல் என்னும் சாட்சியை அறவே தள்ளிவிடலாமா? அதுவும் நீதியன்று. ஒரு செய்தியைப் பலர் ஒன்றுபோல் அறிவித்தால் அதற்கு வலிமை உண்டு என்பது ஹதீஸ் கலையறிஞர்கள் ஏற்ற விதி. ஆனால் அவ்விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அவர்கள் தாமே கண்டதை, அல்லது தம் செவியால் கேட்டதை அறிவிக்க வேண்டும். சீட்டு வாங்குகிறவர் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குவதில்லை. பார்ப்பதற்கு முன்னரே வாங்குகிறார். எனவே முதல் வார வசூல், விளம்பரத்துக்கும் எதிர்பார்ப்புக்குமே சாட்சி. கண்டவர் சொல்லக் கேட்டுப் பிறர் வரும் பிந்திய வாரங்களின் கூட்டம் ஓரளவு தரத்துக்குச் சாட்சியாகலாம். வராதவர்களோ எதற்கும் சாட்சியல்லர்.

'பாலைவனச் சிங்கம்' படத்துக்கு மக்கள் ஏன் வரவில்லை? அது வெளியான 1981இல்தான் அமெரிக்கா லிபியத் தூதர்களை வெளியேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் லிபியப் போர் விமானங்கள் இரண்டை அமெரிக்க விமானங்கள் சுட்டு வீழ்த்தின. கத்தாஃபியின் பணத்தில் உருவான படத்தை அந்நாட்டு மக்கள் ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. இத்தாலியிலோ, தன் இராணுவத்தின் மானத்துக்கு இழுக்கு என்று கூறி 1982இல் அரசே அதனைத் தடுத்தது. 2009இல் கத்தாஃபி ரோம் நகருக்கு வந்தபோதுதான் அது அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. யாருக்கு அந்த வரலாறு முதலில் தெரிந்திருக்க வேண்டுமோ, அவர்களுக்கே கதவு அடைபட்டிருந்தது. அடைத்த கதவின் முன் கூட்டம் இல்லை என்று சொல்லிப் படத்தைக் குறை கூறுவது எப்படிப் பொருந்தும்?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நோக்குவோம். ஈராக் போரில் பணியாற்றிய அமெரிக்கத் துப்பாக்கி வீரர் ஒருவரைப் பற்றி கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்த 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' 2014 இறுதியில் வெளிவந்தது. உலக வசூல் சுமார் 547 மில்லியன் டாலர். அதில் 350 மில்லியன் வட அமெரிக்காவில் மட்டும் கிடைத்தது. போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரனின் மனச்சுமையை அப்படம் திறம்படக் காட்டுகிறது. அதனை மறுப்பது அநீதி. ஆனால் எந்த நாட்டில் அப்போர் நடந்ததோ, அந்நாட்டு மக்கள் அதில் பெரும்பாலும் குறிபார்க்கும் கண்ணாடி வழியாகவே தெரிகின்றனர். தன் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய சமுதாயம், அவர்கள் பட்ட துன்பத்தைக் காணத் திரண்டது. அக்கூட்டம் அச்சமுதாயத்தின் உள்ளத்துக்குச் சாட்சி. ஈராக்கில் நடந்தது என்ன என்பதற்கு அது சாட்சியாகாது.

நமக்கும் இதே எச்சரிக்கை உண்டு. நம்மவர் கதை என்பதற்காகவோ, தோற்றுப்போன படம் என்பதற்காகவோ அக்காத்தின் படத்தைப் புகழ்ந்துவிடக் கூடாது. மூன்று மணி நேரத்தை நெருங்கும் நீளம் அதற்கு ஒரு பாரம். சில காட்சிகள் சொற்பொழிவாகின்றன. அதன் உயர்வு வேறிடத்தில் இருக்கிறது. பகைவன் தரப்பிலும் மனச்சான்று உள்ள இளம் அதிகாரி ஒருவனை அது காட்டுகிறது. சிறைப்பட்டவனைக் கொல்ல மறுக்கும் முதியவரைக் காட்டுகிறது. போரில் பகைவனையும் மனிதனாகக் காண்பதே போர்ப்படத்தின் தராசு என்று நாம் கருதுகிறோம். அத்தராசில் சீட்டுகளை எண்ணி வைக்க இயலாது.

ஆயினும் வசூலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. முடிந்த படத்தின் தரத்தை அதனால் தீர்மானிக்க இயலாவிடினும், அடுத்து எந்தப் படம் எடுக்கப்படும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஸுல்தான் ஸலாஹுத்தீனின் வரலாற்றைப் படமாக்க அக்காத் பல்லாண்டுகள் முயன்றார். அதற்குரிய பெருந்தொகை அவருக்குக் கிட்டவில்லை. 'ஹாலோவீன்' வரிசையில் மட்டும் படத்துக்குமேல் படம் வந்துகொண்டிருந்தது. 2005 நவம்பரில் அம்மான் நகர ஹோட்டல்களில் பயங்கரவாதிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் அவரும் அவருடைய மகளும் உயிரிழந்தனர். ஸலாஹுத்தீன் படம் எடுக்கப்படவே இல்லை.

ஆகவே, ஒரு படம் எவ்வளவு ஈட்டியது என்று நம் பிள்ளைகள் வியந்து பேசும்போது, அதில் யாருடைய கதை சொல்லப்பட்டது, யாருடைய கதை விடுபட்டது என்று அவர்களைக் கேட்போமாக. உமர் முக்தாரின் வரலாற்றை வீட்டில் நாமே எடுத்துச் சொல்லலாம். அதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.