ஊவாவின் புகையிரதக் கட்டடங்கள்



இலங்கையிலே முதற் புகைவண்டி 1864 ஆம் ஆண்டில் ஓடியது. மலைநாட்டை நோக்கி ஏறிய அப்பாதை 1894 இல் பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து பதுளை ஏறக்குறைய 20 மைல்தான். ஆயினும், பதுளையிலே வண்டி வந்து நிற்க மேலும் 30 ஆண்டுகள் சென்றன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் எழுந்தது. தெமோதரையிலோ பாதை குன்றைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுட் புகுந்து செல்கிறது. 1924 இல் பதுளை நிலையம் திறக்கப்பட்டது.

இந்த வண்டியைத் தோட்டத்து மக்கள் ‘கோச்சி’ என்பர். தேயிலைப் பெட்டிகள் இறங்கியதும் அரிசி மூட்டைகள் ஏறியதும் இதன் வழியேதான். ஆனால் நிலையக் கட்டடங்கள் கண்ட காட்சிகளுள் மிகக் கொடியது வேறொன்று. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என மக்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென ஒத்திவைத்தனர். அதன்பின் மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. பெயரே போதும், விளக்கம் வேண்டுவதில்லை.

பழைய புகையிரதக் கட்டடங்களுக்கு மறுவாழ்வு அளிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. மருதானைக்கு அருகிலுள்ள பழைய கொழும்பு முனைய நிலையத்திலே 2009 இல் புகையிரத நூதனசாலை அமைந்தது. 2014 இல் அது கடுகண்ணாவைக்கு மாறியது. இயந்திரங்கள் அங்கே பேணப்படுகின்றன; நல்லதே. மனிதர் கதைக்கு நான் காட்டக்கூடிய முன்மாதிரி கம்பளைப் பகுதியிலுள்ள பழைய பீகொக் தோட்டம். அங்கே 2007 இல் பழைய லயக் காம்பராக்களே தொழிலாளர் நூதனசாலையாயின. மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் அடுப்படிச் சாமான்களும் வரலாற்றுச் சான்றுகளாக மதிப்புப் பெறுவது இத்தகைய இடங்களிலேதான்.

ஊவாவிலும் பயனற்றுப்போகும் நிலையக் கட்டடத்தை இவ்வாறே ஊராரிடம் ஒப்படைக்கலாகாதா? சுற்றுலாப் பயணிக்குத் தேநீர்ச்சாலை அமைப்பது எளிது, வருவாயும் உண்டு. தோட்டத்துப் பிள்ளை மாலையில் அமர்ந்து படிக்க ஒரு வாசிகசாலை அமைப்பதோ, திணைக்களத்தின் அனுமதி, நீண்டகாலக் குத்தகை, விளக்குக் கட்டணம், கூட்டித் துடைக்க ஓர் ஆள் என்று விரியும் காரியம். திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். முதலிற் கூரையைச் செப்பனிடுதல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பிய சுவரிலே சீமெந்து பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் சுவரை அரித்துவிடும். மலைநாட்டு மழையில் இது விரைவிலே நிகழும்.

அக்கட்டடத்தில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கென ஒதுக்குதல் நன்று. அழுகைக் கோச்சியிற் சிறுவராய் ஏறிச் சென்றவர்களும், மேடையில் நின்று வழியனுப்பியவர்களும் இன்று முதியவர்கள். அக்கரையில் இருப்போரின் குரலைத் தொலைபேசி வழியாகவேனும் பதிவு செய்யலாம்.