பயில்வான்களின் பால் கணக்கு

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அந்தமான் தீவுகளுக்குப் புறப்படும் தமிழனுக்கு, ஏறத்தாழ மூன்று நாட்கள் வானையும் நீரையும் தவிரப் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. கையில் ஒரு புத்தகம் இருந்தால் நல்லது. அப்படி ஒரு பயணத்தில் எனக்கு வாய்த்தது ஒரு பயில்வானின் வாழ்க்கை வரலாறு. கடல் சற்றே கொந்தளித்துக் கொண்டிருந்த நேரம். வயிறு பிரட்டிக் கஞ்சிகூட இறங்காமல் படுத்திருப்பவன், அந்த மாவீரர் காலையில் எத்தனை சேர் பால் அருந்தினார், எத்தனை பலம் பாதாம் பருப்பை அரைத்து உண்டார், எத்தனை கோழிகளின் சாறு குடித்தார் என்று பக்கம் பக்கமாகப் படிக்க நேர்ந்தால் அது எத்தகைய தண்டனை என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

கப்பல் துறைமுகத்தை அடைவதற்குள் புத்தகம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் யார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. பால் கணக்கு தெரிந்தது. தண்டால் எத்தனை, பஸ்கி எத்தனை என்பது தெரிந்தது. வீழ்த்தப்பட்டவர்களின் பெயர் வரிசை தெரிந்தது. அவர் எப்போதாவது அஞ்சினாரா, அவருக்குப் படியளந்தவர் யார், கோதாவை விட்டு இறங்கிய பின் எப்படிப் பிழைத்தார் என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. இது அந்த ஒரு நூலின் குறை மட்டுமன்று. மல்லர் சரிதங்கள் என்று நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை இதே அச்சில் வார்க்கப்பட்டவையே.

காமா பயில்வானையே எடுத்துக் கொள்வோம். குலாம் முகம்மது என்ற இயற்பெயர் கொண்ட அவர் பிறந்த ஆண்டே நூலுக்கு நூல் மாறுகிறது. இளமையிலேயே தந்தையை இழந்து, உறவினரால் வளர்க்கப்பட்டு, மத்திய இந்தியாவின் ததியா சமஸ்தானத்து மன்னரின் ஆதரவில் தேறியவர். பத்து வயதளவில் ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில், நூற்றுக்கணக்கான பயில்வான்களுக்கிடையே கடைசி வரை நின்ற சிலருள் ஒருவராக விளங்கி மன்னரின் பரிசு பெற்றார் என்பர். 1910ஆம் ஆண்டு, சரத் குமார் மித்ரா என்ற வங்காளச் செல்வரின் பொருளுதவியால் லண்டன் சென்றார். அங்கே உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டனர். அரை மணி நேரத்தில் எந்த மூவரையும் வீழ்த்துவேன் என்று அவர் பகிரங்கமாகச் சவால் விடுத்தார். முதலில் வந்த அமெரிக்கர் ரோலரை இருமுறை எளிதில் வென்ற பிறகே கதவு திறந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் தேதி போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் நடந்த மல்யுத்தத்தை எல்லா நூல்களும் பெருமையுடன் வருணிக்கின்றன. உண்மையில் அது பார்ப்பதற்கு மிகவும் சலிப்பூட்டிய போராக இருந்திருக்க வேண்டும். ஸ்பிஸ்கோ ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் விரிப்பை விட்டு எழாமல் ஒட்டிக் கிடந்தார். காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்தது. அடுத்த வாரம் மீண்டும் நடக்கவிருந்த போட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பட்டம் காமாவுக்கு வழங்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், பாட்டியாலா மன்னரின் ஆதரவில் இருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோ வீழ்ந்தார்.

ஒரு நிமிடத்தில் முடிந்த இரண்டாவது போட்டியைச் சரிதங்கள் எக்காளமிட்டுக் கூறுகின்றன. ஆனால் அசையாத ஒரு மலையைத் தள்ளிக்கொண்டு அந்நிய நாட்டுக் கூட்டத்தின் நடுவே நின்ற அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும்? என் வரையில், காமாவின் வாழ்க்கையை எழுதப் புகுபவர் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

முடிவும் அவ்வாறே விடுபட்டுப் போகிறது. பாலும் பாதாமும் வானத்திலிருந்து விழுவதில்லை. சமஸ்தானத்துக் கருவூலத்திலிருந்து வந்தன. 1947இல் நாடு பிரிந்தது, சமஸ்தானங்களும் மறைந்தன. காமா லாகூரில் தங்கிவிட்டார். பிரிவினைக் கலவரத்தில் தம் தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களுக்கு அவர் காவலாக நின்றார் என்று கூறப்படுகிறது. ஒருவரையும் வீழ்த்தாமல் அவர் பெற்ற வெற்றி அது. கடைசி ஆண்டுகளில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. இந்தியாவிலிருந்து தொழிலதிபர் பிர்லா பணம் அனுப்பி உதவினார். 1960ஆம் ஆண்டு மே மாதம் லாகூரில் காலமானார். சரிதங்களில் பாலுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் பாதியேனும் இதற்கு இல்லை.

மன்னர்கள் போன பின் டிக்கெட் வந்தது. கோதாவின் செம்மண் போய், மின்விளக்கும் கயிறு கட்டிய மேடையும் வந்தன. நம்மவருள் மூத்தோருக்குத் தாரா சிங், கிங்காங் என்ற இரு பெயர்களைச் சொன்னாலே போதும். சிறு பிராயம் திரும்பிவிடும். கிங்காங் என்பது 1933இல் வெளிவந்த திரைப்படத்துப் பெருங்குரங்கின் பெயர். அதைச் சூடிக்கொண்டவரின் உண்மைப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிய வமிசத்தவர். சிங்கப்பூரில் குடியேறி வாழ்ந்து, 1970இல் ஒரு கார் விபத்தின் விளைவாக அங்கேயே உயிர் நீத்தார். அமிருதசரஸ் பக்கத்துக் கிராமத்தில் 1928இல் பிறந்த தாரா சிங்கும் இளமையில் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவரே. தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பயின்றவர். வீட்டை விட்டு வெகுதூரம் சென்று உடலை மூலதனமாக வைத்துப் பிழைத்த இருவர், ஊர் ஊராகச் சென்று பகைவர்களாக மோதினர் என்று பார்த்தால், பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அக்கதை சற்று வேறு விதமாகப் படும். தாரா சிங் பின்னர்த் திரையுலகில் புகுந்து, தொலைக்காட்சியில் அனுமனாகத் தோன்றி, மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்து, 2012இல் மறைந்தார்.

அந்தப் போர்கள் மெய்யா, முன்னரே பேசிவைத்த நாடகமா என்று வீட்டுத் திண்ணைகளில் நடந்த வாதங்கள் இன்னும் முடியவில்லை. வெற்றிப் பட்டியலே வாழ்க்கை என்று எழுதும் நூலாசிரியருக்கு இது சங்கடமான கேள்வி. ஆகவே அதன் பக்கமே அவர் திரும்புவதில்லை. பேசிவைத்த சண்டையிலும் விழுகிற உடல் உண்மையாகத்தான் விழுகிறது. அந்த வலியைப் பற்றியாவது எழுதலாம்.

இக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது ஹமீதா பானுவின் வாழ்க்கையில். ஆடவரோடு மல்யுத்தம் செய்த பெண் அவர். 1954இல், தம்மை வெல்பவரை மணப்பதாக அவர் சவால் விடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அவ்வாண்டு பரோடாவில் பாபா பயில்வான் என்பவரை ஒரு நிமிடம் 34 விநாடியில் வீழ்த்தினார். பம்பாயில் ஒரு ரஷ்யப் பெண் மல்லரையும் ஒரு நிமிடத்துக்குள் தோற்கடித்தார். அவருடைய எடை, உயரம், உறங்கும் நேரம், அருந்தும் பால், உண்ணும் பிரியாணித் தட்டுகள் எல்லாம் அன்றைய ஏடுகளில் அச்சேறின. மீண்டும் பால் கணக்கு! பம்பாய் மாநிலத்தில் தம் போட்டிகளுக்குத் தடை ஏற்பட்டபோது, அவர் முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, போட்டி நடத்துவோர் போலி எதிராளிகளை நிறுத்துவதாகப் புகார்கள் வந்தன என்பது கிடைத்த பதில்.

பிறகு ஏடுகளிலிருந்து அவர் பெயர் மறைந்தது. அவர் எங்கே போனார் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக எவரும் கேட்கவில்லை. அண்மை ஆண்டுகளில் செய்தியாளர்கள் தேடிச் சென்றபோது அவருடைய பேரன் கூறிய கதை இது: ஐரோப்பா சென்று போட்டியிட அவர் விரும்பியது அவருடைய பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லை, அடித்துக் கையை முறித்துவிட்டார். பம்பாயை அடுத்த கல்யாணில் பால் விற்றும், சில வீடுகளை வாடகைக்கு விட்டும், பணமுடை நேர்ந்தபோது சாலையோரத்தில் தின்பண்டம் விற்றும் அவர் காலம் தள்ளினார். 1986இல் இறந்தார். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் பால் குடித்தார் என்று எழுதிய கைகளுள் ஒன்றேனும், அவர் பால் விற்றதை அவர் வாழ்நாளில் எழுதவில்லை.

இவ்வளவு குறை கூறுகிறாயே, மல்லரைப் பற்றி எப்படித்தான் எழுதுவது என்று நேயர்கள் கேட்கலாம். விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசனைப் பற்றிய பாடல்கள் சில உள்ளன. உறையூரை ஆண்ட தந்தை தித்தனோடு பகைத்து வெளியேறியவன் அவன். முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். சாத்தந்தையார் அந்தப் பிடியை ஒரே பாட்டில் காட்டிவிட்டு, இதைத் தித்தன் காண வேண்டும் என்று ஏங்குகிறார். மகனின் வெற்றியைக் காண வராத தந்தை! பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரோ அவ்விளைஞனைக் காதலித்தவர். ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கிறார்கள், மறு சாரார் இல்லை என்கிறார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவே பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் வெல்வதை அவர் கண்டுவிடுகிறார். இளவரசன் உண்டது புற்கை என்று ஒரு பாடல் போகிற போக்கில் சொல்வதோடு சரி, அதற்கு மேல் அவன் உணவைப் பற்றி அப்பாடல்கள் கவலைப்படவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. தோற்றவனுக்குப் பெயர் இல்லை. ஆமூர் மல்லன் என்ற அளவோடு சரி. மல்லர் சரிதங்களின் பழைய நோய் அங்கேயும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது போலும்.

கப்பலை விட்டு இறங்கிய மறுநாள் சிற்றறைச் சிறையைக் காணச் சென்றேன். போர்ட் பிளேர் என்று நாம் பழகிய அந்நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. தமிழ்ப் பேச்சு காதில் விழும் அபர்தீன் கடைத்தெருவிலிருந்து நடந்தே போகலாம். சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில், அங்கே உயிர் நீத்த அரசியல் கைதிகளின் சிலைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று மகாவீர் சிங்கினுடையது. அவர் தொழில்முறை மல்லர் அல்லர். ஆயினும் பயில்வான் சரிதத்தை அப்போதுதான் படித்து முடித்திருந்த நான் அச்சிலையின் முன் நெடுநேரம் நின்றேன்.

ஐக்கிய மாகாணத்து ஏடா மாவட்டத்தில் 1904இல் பிறந்தவர்; கான்பூரில் கல்லூரியில் படித்தவர்; பகத் சிங்கின் தோழர். லாகூர்ச் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, சென்னை மாகாணச் சிறையில் சில காலம் வைக்கப்பட்டு, 1933இன் தொடக்கத்தில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். வலிமை மிக்க உடல். லாகூர்ச் சிறையில் 1929இல் உண்ணாவிரதம் இருந்தபோது, வலுக்கட்டாயமாக உணவூட்ட வந்தவர்களை அவர் எளிதில் நெருங்க விடவில்லை. பலர் சேர்ந்து நெடுநேரம் போராடியே அவரைக் கீழே கிடத்த முடிந்தது. அந்தக் கோதாவில் பார்வையாளர் இல்லை, நடுவர் இல்லை, பட்டமும் இல்லை.

அந்தமான் சிறையில் மனிதனுக்குரிய உணவும், அறைகளில் விளக்கும், படிக்க ஏடுகளும் கேட்டு 1933ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். ஆறாம் நாள், மே 17, மகாவீர் சிங்கைப் பலர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மூக்கின் வழியே குழாய் செலுத்திப் பால் ஊற்றினார்கள். அவர் விடாமல் திமிறினார். குழாய் வயிற்றுக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் சென்றது. அன்றிரவே அவர் இறந்தார். உடலில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள். அதே மாதத்தில் மோகன் கிஷோர் நமதாசும் மோகித் மைத்ராவும் அவ்வாறே கட்டாய உணவூட்டலால் மாண்டனர்.

உண்ணாவிரதம் 46 நாட்கள் நீடித்தது. ஜூன் 26ஆம் தேதி அது முடிந்தபோது அரசாங்கம் இறங்கி வந்திருந்தது. அறைகளுக்கு விளக்கு வந்தது. படிப்பதற்கு நூல்களும் ஏடுகளும் வந்தன.